பி.சி.ஓ.எஸ். நிலையில் பாலின ஹார்மோன்கள்: மிகுதியின் ஊற்றுக்கண் எது?

சினைப்பை நீர்க்கட்டி நோய் என்று பரவலாகச் சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ்., குழந்தை பெறும் வயதுப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் ஹார்மோன் கோளாறுகளில் ஒன்று. அந்த வயதுப் பெண்களில் 6 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகவும், அவர்களில் 70 விழுக்காடு வரையிலானோருக்கு நோய் கண்டறியப்படாமலேயே இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்திலும் மார்பிலும் முடி வளர்வது, ஆறாத முகப்பரு, உச்சந்தலையில் முடி உதிர்வது, கருத்தரிக்கத் தாமதமாவது ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் பாலின ஹார்மோன்களின் அளவிலும் தாளத்திலும் ஏற்பட்ட மாற்றம் இருக்கிறது.

என்ன மாறுகிறது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஏன் மாறுகிறது, எந்த உறுப்பில் முதலில் தொடங்குகிறது என்பதில்தான் விவாதம். 1935 முதல் இதற்கு வந்த விடைகள் பல: சினைப்பையின் தடித்த உறை, மூளையின் துடிப்பு, இன்சுலின், மரபணு, தாயின் கருவறை. ஒவ்வொரு விடையும் நோயின் ஒரு பகுதியை நன்றாக விளக்கியது. மறுபகுதிக்கு வந்ததும் தடுமாறியது.

இயல்பான சுழற்சியின் ஒழுங்கு

ஆண்ட்ரோஜன் ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் ஆண்ட்ரோஜனிலிருந்துதான் உருவாகிறது. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டுவிட்டுத் துடிப்புகளாகச் சுரக்கிறது. அதை ஏற்கும் பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் சேர்க்கிறது. துடிப்பு வேகமானால் எல்.எச். ஓங்குகிறது, மெதுவானால் எஃப்.எஸ்.எச். சுரக்க வாய்ப்பாகிறது.

சினைப்பைக்குள் கருமுட்டையைத் தாங்கி வளரும் நுண்பைகளில் இரண்டு வகைச் செல்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வெளிச்சுற்றில் உள்ள தீக்கா செல்கள் எல்.எச். தூண்டுதலால் ஆண்ட்ரோஜனை உருவாக்குகின்றன. உட்சுற்றில் உள்ள கிரானுலோசா செல்கள் எஃப்.எஸ்.எச். தூண்டுதலால் அரோமட்டேஸ் என்ற நொதியைக் கொண்டு அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. நுண்பைகளில் ஒன்று முந்தி வளர்ந்து, உடைந்து, முட்டையை வெளியிடுகிறது. உடைந்த நுண்பையிலிருந்து உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அந்தப் புரோஜெஸ்டிரோன் மூளையின் துடிப்பைத் தணித்து, அடுத்த சுழற்சிக்கான எஃப்.எஸ்.எச். எழ இடம் தருகிறது. பி.சி.ஓ.எஸ். நிலையில் இந்த ஒழுங்கு ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் பிசகுகிறது. முதல் பிசகு எது என்று பிரித்துச் சொல்வது கடினமாவதற்கும் அதுவே காரணம்.

இரத்தத்தில் தெரியும் மாற்றங்கள்

முதன்மையான மாற்றம் ஆண்ட்ரோஜன் மிகுதி. முக்கிய ஆண்ட்ரோஜனான டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் இரத்தத்தில் பொதுவாக ஒரு டெசிலிட்டருக்கு 15 முதல் 70 நானோகிராம் வரை இருக்கும். இதில் ஏறத்தாழக் கால் பங்கு சினைப்பையிலிருந்தும், கால் பங்கு அட்ரீனல் சுரப்பியிலிருந்தும் வருகிறது. மீதிப் பாதி, கொழுப்புத் திசு, தோல் போன்ற இடங்களில் மற்ற ஹார்மோன்கள் மாற்றமடைந்து உண்டாவது. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடம் இந்த அளவு மிதமாகவே உயர்கிறது. 150 நானோகிராமைத் தாண்டி விரைவாக ஏறினால், ஆண்ட்ரோஜனைச் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று தேடுவதே மருத்துவ வழக்கம்.

மொத்த அளவைவிடத் தனித்த அளவு அதிகம் சொல்கிறது. இரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதி, கல்லீரல் உருவாக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்துடனும் ஆல்புமினுடனும் பிணைந்திருக்கிறது. ஒன்றிரண்டு விழுக்காடே எதனுடனும் சேராமல் திசுக்களுக்குள் எளிதில் நுழைகிறது. இன்சுலின் மிகுந்தாலும் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தாலும் எஸ்.எச்.பி.ஜி. குறைகிறது. அப்போது சினைப்பை ஒரு துளிகூட அதிகம் சுரக்காவிட்டாலும் தனித்த டெஸ்டோஸ்டிரோன் கூடிவிடும். மொத்த அளவு எல்லைக்குள் இருப்பதைப் பார்த்து, முகத்தில் முடியோடு வந்த பெண்ணிடம் ‘ஹார்மோன் எல்லாம் நார்மல்’ என்று சொல்லி அனுப்புவது அதனால்தான் பிழையாகிறது.

அட்ரீனல் சுரப்பிக்கும் இதில் பங்கு உண்டு. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களில் 20 முதல் 30 விழுக்காட்டினரிடம் அட்ரீனலின் அடையாளமான டி.எச்.இ.ஏ.எஸ். உயர்ந்திருக்கிறது. மேலும், பர்மிங்காம் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவுகள், இப்பெண்களின் இரத்தத்தில் உள்ள ஆண்ட்ரோஜன்களில் பாதிக்கும் சற்று மேல் 11-ஆக்சிஜனேற்ற ஆண்ட்ரோஜன்கள் என்று காட்டின. இவற்றின் மூலப்பொருள் அட்ரீனலில் உருவாவது. வழக்கமான பரிசோதனைகளில் இவை அளக்கப்படுவதே இல்லை. சினைப்பையை மட்டும் நோக்கிய பல்லாண்டு ஆய்வு, கணக்கில் ஒரு பெரிய பகுதியை விட்டுவிட்டதோ என்ற ஐயம் இதனால் எழுந்திருக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் குறித்துத் தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. மாதவிடாய் வரவில்லை என்றால் ஈஸ்ட்ரோஜன் வற்றிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவமான ஈஸ்ட்ராடையால், சுழற்சியின் தொடக்க நாட்களில் இருக்கும் அளவிலோ சற்று மேலோ நிலையாக நிற்கிறது. இயல்பான சுழற்சியில் நடுவில் வரும் ஏற்றம் அதற்கு இல்லை. ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஆண்ட்ரோஜன் கொழுப்புத் திசுவில் மாற்றமடைவதால் ஈஸ்ட்ரோன் என்ற மற்றொரு ஈஸ்ட்ரோஜன் கூடுகிறது. இல்லாமல் போவது புரோஜெஸ்டிரோன். முட்டை வெளியாகாத மாதத்தில் கார்ப்பஸ் லூட்டியம் உருவாவதில்லை. அதனால் புரோஜெஸ்டிரோனும் எழுவதில்லை. கருப்பையின் உட்சுவர், தடுக்கப் புரோஜெஸ்டிரோன் இல்லாத ஈஸ்ட்ரோஜனால் மாதக்கணக்கில் தடித்துக்கொண்டே போகிறது. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்பே கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இப்பெண்களுக்குப் பல மடங்கு கூடுவதற்கு இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அந்த வயதில் அந்தப் புற்றுநோய் அரிது என்பதால், மடங்கு கூடினாலும் தனியொருவருக்கான ஆபத்து குறைவுதான். ஆனாலும் ஹார்மோன் மாற்றங்களில் பெண்ணின் உயிரை நேரடியாகத் தொடக்கூடியது இந்தப் புரோஜெஸ்டிரோன் இன்மையே. முடியையும் பருவையும் பற்றிய பேச்சில் இது அடிபட்டுப்போவது வருந்தத்தக்கது.

எல்.எச். பலரிடம் உயர்ந்தும், எஃப்.எஸ்.எச். இயல்பாகவோ சற்றுத் தாழ்ந்தோ காணப்படுகின்றன. இரண்டுக்கும் உள்ள விகிதம் 2 அல்லது 3ஐத் தாண்டுவதை ஒரு காலத்தில் நோயின் முத்திரையாகவே கொண்டார்கள். உடல் எடை கூடும்போது எல்.எச். தணிந்துவிடுவதால் இந்த விகிதம் இன்று நோயறி அளவுகோலாகக் கொள்ளப்படுவதில்லை. சிறு நுண்பைகள் சுரக்கும் ஏ.எம்.எச். என்ற ஹார்மோன் இரண்டு மூன்று மடங்கு வரை உயர்கிறது. அது எஃப்.எஸ்.எச். வேலையைத் தடுப்பதால், நுண்பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுவதில் அதற்கும் பங்கு இருக்கலாம். ஸ்கேனில் நீர்க்கட்டிகளாகத் தெரிபவை இப்படி நின்றுபோன நுண்பைகளே.

முதல் விடை: தடித்த உறை

1935இல் சிக்காகோவைச் சேர்ந்த இர்விங் ஸ்டீன், மைக்கேல் லெவென்தால் என்ற இரு மகப்பேறு மருத்துவர்கள், மாதவிடாய் நின்று, சினைப்பைகள் பருத்திருந்த 7 பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பையின் தடித்த உறை முட்டையை வெளியே விடாமல் தடுக்கிறது என்பது அவர்களுக்குத் தோன்றிய விளக்கம். சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தபோது எல்லோருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றனர்.

சிகிச்சை பலித்தது, விளக்கம் நிற்கவில்லை. வெட்டி எடுக்கப்பட்டது ஆண்ட்ரோஜனைச் சுரக்கும் திசு என்பதும், அதன் பின் ஆண்ட்ரோஜனும் எல்.எச்.சும் இறங்குகின்றன என்பதும் ஹார்மோன் அளவீடுகள் வந்த பிறகு தெரிந்தது. உறை தடிப்பது நோயின் விளைவு. எனினும், சினைப்பையில் உள்ள திசுவின் அளவைக் குறைத்தால் முழுச் சங்கிலியும் தளரும் என்ற அவர்களது கண்டுபிடிப்பு பின்வந்த எல்லாக் கோட்பாடுகளும் பதில் சொல்ல வேண்டிய உண்மையாக நிலைத்தது.

மூளையிலிருந்து தொடங்குகிறதா?

1958இல் சிறுநீரில் எல்.எச். மிகுந்திருப்பது அறியப்பட்டது. 1970இல் சாமுவேல் யென் குழுவினர் இரத்த அளவீடுகளால் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டின் பொருத்தமற்ற சுரப்பை நிறுவினர். ஜி.என்.ஆர்.எச். துடிப்பு ஏறத்தாழ மணிக்கு ஒன்று என்ற வேகத்தில் ஓய்வின்றி ஓடுவதால் எல்.எச். மிகுகிறது, தீக்கா செல்கள் இடைவிடாமல் தூண்டப்படுகின்றன, எஃப்.எஸ்.எச். போதாமல் நுண்பைகள் தேங்குகின்றன என்பது இந்த நிலைப்பாடு. ஜி.என்.ஆர்.எச். ஒத்த மருந்துகளால் எல்.எச்.சை நீடித்து அடக்கினால் சினைப்பை ஆண்ட்ரோஜன் மாதவிடாய் நின்ற பெண்களின் அளவுக்கு இறங்குவது இதற்கு வலுவான சான்று. 2016இல், ஜி.என்.ஆர்.எச். துடிப்பை முடுக்கும் நியூரோகைனின் வழியை அடைக்கும் ஒரு மருந்து எல்.எச்.சையும் டெஸ்டோஸ்டிரோனையும் ஒருசேரக் குறைத்தது.

மறுப்பும் வலுவானதே. 1990களின் இறுதியில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள், இப்பெண்களின் துடிப்பைத் தணிக்க வழக்கத்தைவிட அதிகப் புரோஜெஸ்டிரோன் தேவைப்படுகிறது என்று கண்டன. ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஃப்ளூட்டமைடு கொடுத்ததும் புரோஜெஸ்டிரோனுக்கான உணர்வுத்திறன் திரும்பியது. மூளையின் வேகமே ஆண்ட்ரோஜனால் கெடுக்கப்பட்டது என்றால், மூளையை முதற்காரணம் என்று சொல்ல முடியாது. எல்.எச். இயல்பாக இருக்கும் பெண்களிடமும் ஆண்ட்ரோஜன் மிகுந்திருப்பதும் இக்கோட்பாட்டுக்கு இடறலாக நிற்கிறது.

இன்சுலினின் பங்கு

தாடி வளர்ந்த பெண்களிடம் நீரிழிவு காணப்படுவதை ஆஷார், தியர்ஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் 1921இலேயே குறிப்பிட்டிருந்தார்கள். 1980இல் பர்கன் குழுவினர் பி.சி.ஓ.எஸ். பெண்களிடம் இன்சுலின் அளவும் ஆண்ட்ரோஜன் அளவும் ஒன்றையொன்று ஒட்டி ஏறுவதைக் காட்டினர். 1989இல் ஆண்ட்ரியா டுனாயிஃப் குழுவினர், உடற்பருமன் ஒருபுறம் இருக்க, பி.சி.ஓ.எஸ்.சுக்கே உரிய இன்சுலின் எதிர்ப்பு ஒன்று உண்டு என்று நிறுவினர்.

இங்கே வியப்பான ஒரு நிலை இருக்கிறது. தசையும் கொழுப்பும் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கின்றன. கணையம் ஈடுகட்ட இன்னும் அதிகம் சுரக்கிறது. ஆனால் சினைப்பை மட்டும் அந்த மிகை இன்சுலினுக்கு முழுமையாக எதிர்வினை ஆற்றுகிறது. அங்கே இன்சுலின் எல்.எச்.சுடன் சேர்ந்து தீக்கா செல்களின் ஆண்ட்ரோஜன் உற்பத்தியைக் கூட்டுகிறது. கல்லீரலிலோ எஸ்.எச்.பி.ஜி.யைக் குறைக்கிறது. ஜான் நெஸ்லர் குழுவினர் டயசாக்சைடு மருந்தால் இன்சுலினை அடக்கியபோது, பி.சி.ஓ.எஸ். உள்ள பருமனான பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது. நோய் இல்லாத பெண்களிடம் இறங்கவில்லை. 1996இல் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினைக் கொண்டும் அதே திசையில் முடிவு கிடைத்தது. முதல்வகை நீரிழிவுக்கு ஊசியில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெண்களிடம் பி.சி.ஓ.எஸ். கூடுதலாகக் காணப்படுவதும் இதற்கு ஒத்துப்போகிறது.

ஆனால் டயசாக்சைடு ஆய்வே இக்கோட்பாட்டின் எல்லையையும் காட்டிவிடுகிறது. இன்சுலினுக்கு மிகையாக எதிர்வினை ஆற்றும் சினைப்பை முன்பே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்சுலின் மிகுந்தும் ஆண்ட்ரோஜன் மிகுவதில்லை. இன்சுலின் எதிர்ப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு பி.சி.ஓ.எஸ். இல்லை, பி.சி.ஓ.எஸ். உள்ள ஒல்லியான பெண்களில் பலருக்கு வழக்கமான சோதனைகளில் இன்சுலின் எதிர்ப்பு பிடிபடுவதில்லை. மறுபக்கம், சினைப்பை ஆண்ட்ரோஜனை முழுதாக அடக்கினாலும் இன்சுலின் எதிர்ப்பு பெரிதாக மாறுவதில்லை. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது, ஆனால் முழுதாகப் பிறப்பிப்பதில்லை என்று கொள்வதே பொருத்தம்.

தீக்கா செல்லும் மரபும்

சினைப்பைதான் மூலம் என்ற பழைய எண்ணம் 1990களில் புதிய சான்றோடு திரும்பியது. பி.சி.ஓ.எஸ். பெண்களின் தீக்கா செல்களைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் பல தலைமுறைகள் வளர்த்தார்கள். உடலின் எல்.எச்.சோ இன்சுலினோ எட்டாத அந்தச் சூழலிலும் அவை அதிக ஆண்ட்ரோஜனைச் சுரந்துகொண்டே இருந்தன. ஜெரோம் ஸ்ட்ராஸ், ஜேன் மெக்அலிஸ்டர் முதலியோரின் இந்த வேலை, இந்த முழு விவாதத்திலும் மிகத் தெளிவான சோதனை என்று சொல்லலாம். குறை எங்கோ அந்தச் செல்லுக்குள்ளேயே பதிந்திருக்கிறது.

மரபும் அதையே சுட்டுகிறது. நெதர்லாந்து இரட்டையர் ஆய்வு 2006இல் பி.சி.ஓ.எஸ். நிலையின் மரபுவழிப் பங்கை ஏறத்தாழ 70 விழுக்காடு என மதிப்பிட்டது. நோயாளிகளின் சகோதரிகளில் பலருக்கு, மாதவிடாய் ஒழுங்காக இருந்தும், ஆண்ட்ரோஜன் மிகுந்திருக்கிறது, சகோதரர்களிடம்கூட டி.எச்.இ.ஏ.எஸ். உயர்ந்து காணப்பட்டது. 2011இல் சீன ஹான் மக்களிடம் நடந்த மரபணுத் தேடலில் எல்.எச். ஏற்பி மரபணுவின் பகுதியும், டென்ட்1ஏ என்ற மரபணுவும் சிக்கின. டென்ட்1ஏ மரபணுவின் ஒரு வடிவத்தை இயல்பான தீக்கா செல்லில் மிகுதியாக வெளிப்படச் செய்தால், அது பி.சி.ஓ.எஸ். செல்லைப் போலவே நடந்துகொள்கிறது என்று 2014இல் காட்டப்பட்டது. இருந்தும், இதுவரை அறிந்த எல்லா மரபணு இடங்களையும் சேர்த்தால் மரபுப் பங்கில் பத்தில் ஒரு பகுதிதான் விளங்குகிறது. இந்த இடைவெளி மிகப் பெரியது.

கருவறைக் காலம்

அந்த இடைவெளியை நிரப்ப வந்தது, நோயின் விதை பிறப்புக்கு முன்பே விழுகிறது என்ற கருத்து. கருவுற்ற ரீசஸ் குரங்குகளுக்கும் செம்மறி ஆடுகளுக்கும் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, பிறந்த பெண் குட்டிகளிடம் எல்.எச். மிகுதி, முட்டை வெளியாகாமை, இன்சுலின் குறைபாடுகள் எல்லாம் தோன்றின. 2018இல் பிரான்சின் லீல் நகர ஆய்வாளர்கள், கருவுற்ற எலிகளுக்கு ஏ.எம்.எச். செலுத்தியே இதே விளைவைப் பெற்றனர். சுவீடனின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், பி.சி.ஓ.எஸ். உள்ள தாய்மாரின் மகள்களுக்கு நோய் கண்டறியப்படும் வாய்ப்பு 5 மடங்கு என்று 2019இல் தெரிவித்தனர்.

மனிதரில் இதை நிறுவுவது கடினம். நஞ்சுக்கொடியில் உள்ள அரோமட்டேஸ், தாயின் ஆண்ட்ரோஜனைக் கருவை எட்டும் முன்பே பெரும்பாலும் மாற்றிவிடுகிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் எடுத்த அளவீடுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. மகளுக்கு வந்தது கருவறைச் சூழலாலா, தாய் தந்த மரபணுவாலா என்று குடும்ப ஆய்வுகளால் மட்டும் பிரிக்க இயலாது.

அளவுகோலின் சிக்கல்

ஹார்மோன் அளவுகளைப் பற்றிய ஆய்வுகள் முரண்படுவதற்கு இரண்டு எளிய காரணங்களும் உண்டு. ஒன்று, யாரை நோயாளி என்று எண்ணுவது என்பது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1990இல் வகுத்த வரையறை, ஆண்ட்ரோஜன் மிகுதியும் முட்டை வெளியாகாமையும் சேர்ந்திருக்க வேண்டும் என்றது. 2003இன் ராட்டர்டாம் வரையறை, ஸ்கேன் தோற்றத்தையும் சேர்த்து மூன்றில் இரண்டு போதும் என்றது. அதன்படி ஆண்ட்ரோஜன் மிகாதவர்களும் பட்டியலில் வந்தார்கள். இந்தியாவின் பல மையங்களில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், 1990 வரையறைப்படி 7.2 விழுக்காடாக இருந்த நோயாளிகள் ராட்டர்டாம் வரையறைப்படி 19.6 விழுக்காடானார்கள். இலங்கையின் கம்பஹா மாவட்டத்தில் எடுத்து 2008இல் வெளியான கணக்கு 6.3 விழுக்காடு. இத்தகைய எண்களை வரையறையைப் பார்க்காமல் ஒப்பிடுவதில் பயனில்லை.

மற்றொன்று, அளக்கும் கருவி. பரவலாகப் பயன்படும் இம்யூனோஅஸ்ஸே முறைகள் ஆண்களின் உயர்ந்த அளவுகளுக்கு ஏற்றவை. பெண்களின் தாழ்ந்த அளவுகளில் தடுமாறுகின்றன. நிறைமானி முறையே நம்பகமானது. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களிடம் அளந்தால் அளவு மாறியிருக்கும். சுமார் 3 மாதம் நிறுத்திய பிறகே அளக்கச் சொல்கிறார்கள். வயதும் குறுக்கிடுகிறது. முப்பதுகளின் பிற்பகுதியில் ஆண்ட்ரோஜன் இறங்கத் தொடங்கிப் பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகிறது. பூப்பெய்திய சில ஆண்டுகளில் ஒழுங்கற்ற மாதவிடாய் இயல்பே. 2023இன் சர்வதேச வழிகாட்டுதல் வயதுவந்தோருக்கு ஏ.எம்.எச்.சை ஸ்கேனுக்கு மாற்றாக ஏற்றுக்கொண்டாலும், இளம்பெண்களுக்கு இரண்டையுமே விலக்கியது.

சிகிச்சைகள் தரும் சாட்சி

ஒவ்வொரு சிகிச்சையும் சங்கிலியின் ஒரு கண்ணியைத் தொடுகிறது. கூட்டுக் கருத்தடை மாத்திரை எல்.எச்.சை அடக்கி எஸ்.எச்.பி.ஜி.யை உயர்த்துகிறது, கருப்பை உட்சுவருக்கும் காவலாகிறது. எடை 5 விழுக்காடு குறைந்தாலே பலருக்கு இன்சுலின் இறங்கி எஸ்.எச்.பி.ஜி. ஏறுகிறது. அரோமட்டேஸைத் தடுக்கும் லெட்ரோசோல், ஈஸ்ட்ரோஜனைத் தற்காலிகமாகக் குறைத்து எஃப்.எஸ்.எச்.சை எழச் செய்கிறது. 750 பெண்களிடம் நடந்த 2014 ஆய்வில் லெட்ரோசோல் பெற்றவர்களில் 27.5 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர்; முட்டை வெளியாவதைத் தூண்டும் மற்றொரு மருந்தான குளோமிஃபீன் பெற்றவர்களில் 19.1 விழுக்காட்டினர். 2024இல் ஷாங்காய் ஆய்வாளர்கள், மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் வகை ஒன்று தீக்கா செல்லிலேயே ஆண்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைப்பதாகக் கண்டனர். அதில் பங்கேற்றவர்கள் 19 பெண்கள் மட்டுமே. எந்த மருந்தும் நிறுத்திய பின் நிலையான குணம் தருவதாக இதுவரை காட்டப்படவில்லை.

தீராமல் நிற்பவை

சான்றுகளின் எடையைப் பார்த்தால், ஆண்ட்ரோஜன் மிகுதியை மையமாகவும், தீக்கா செல்லின் உள்ளார்ந்த இயல்பை அதன் மிக நம்பகமான ஊற்றாகவும், இன்சுலினையும் எல்.எச்.சையும் அதைப் பெருக்குபவையாகவும் கொள்ளலாம். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவை ஆராய்ந்த 2020 ஆய்வு, பெண்களிடம் மரபால் உயரும் டெஸ்டோஸ்டிரோன் பி.சி.ஓ.எஸ். வாய்ப்பையும் இரண்டாம்வகை நீரிழிவு வாய்ப்பையும் கூட்டுகிறது என்று கண்டது இந்த வரிசைக்கு ஆதரவு. ஆனால் ஆண்ட்ரோஜன் ஏற்பியை மூளையின் நரம்பணுக்களில் மட்டும் நீக்கிய எலிகள் பி.சி.ஓ.எஸ். குறிகளிலிருந்து பெரிதும் தப்பித்தன. சுரப்பது சினைப்பையாக இருந்தாலும், அது கேடு செய்யும் இடம் மூளையாக இருக்கக்கூடும். ஆண்ட்ரோஜன் மிகாத வகையை இதே நோயில் சேர்ப்பது சரியா, அட்ரீனலின் பங்கு எவ்வளவு, பூப்பெய்தும் காலத்தில் முதலில் எழுவது எது ஆகிய கேள்விகளுக்கு விடை இல்லை.

பிரிட்டனில் குடியேறிய தெற்காசியப் பெண்களிடம் நோய் இளவயதிலேயே, கூடுதல் இன்சுலின் எதிர்ப்போடும் குறைந்த எஸ்.எச்.பி.ஜி.யோடும் வெளிப்படுவதாக 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. கோட்பாடுகளின் அடித்தளமான ஆய்வுகளில் பெரும்பாலானவையோ ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களிடம் நடந்தவை. பூப்பெய்துவதற்கு முன்பிருந்து மாதவிடாய் நிற்கும் வரை, நிறைமானி அளவீட்டோடு, தெற்காசியப் பெண்களைத் தொடரும் ஆய்வு தேவை.